வாடிக்கையாளர் வாய்மொழியே வணிகருக்கு விளம்பரம்

2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நமது மாநிலத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்து வருகிறார்கள். நல்ல திட்டம். தறிப்பட்டறைக்கும் மில்லுக்கும் காட்டு வேலைக்கும் போய்வரும் பெண்களுக்கு மாதம் ஒரு கணிசமான தொகை மிச்சமாகிறது. ஆனால் மல்லசமுத்திரம் போன்ற ஊர்களில் கடை வைத்திருக்கும் நாம் இதில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் நம் கடையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக இருந்தாலும், "பஸ் சார்ஜுக்கு ஆகுமா?" என்று மனக்கணக்குப் போட்டு நம்மிடமே வாங்கினார்கள். அந்தக் கணக்கு இப்போது மாறிவிட்டது. ஒரு பக்கம் சேலம், மறு பக்கம் திருச்செங்கோடு. இரண்டும் எட்டிப் பிடிக்கும் தூரம்தான்.

இது போதாதென்று கைபேசியில் விரலால் தட்டினால் வீட்டு வாசலுக்கே சரக்கு வருகிறது. பெரிய அங்காடிகளும் கைபேசி வணிகம் செய்வோரும் மூட்டைக் கணக்கில் அல்ல, லாரிக் கணக்கில் கொள்முதல் செய்கிறவர்கள். விலையை மட்டும் வைத்து அவர்களோடு மோதினால் கையைச் சுட்டுக்கொள்வதுதான் மிச்சம். நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கவும் நமக்குக் கட்டுப்படியாகாது. நம்மிடம் இருப்பது வேறொரு விளம்பரம். நம் கடையில் வாங்கிப் போனவர் குழாயடியிலும், பஸ் நிறுத்தத்திலும், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலும் நம்மைப் பற்றிச் சொல்லும் வார்த்தைதான் அது. அந்த வார்த்தை தானாக வந்தால்தான் உண்டா, அல்லது நாமாக வரவழைக்க முடியுமா என்பதை இங்கே பார்ப்போம்.

சரியான எடையை யாரும் பேசுவதில்லை

"முப்பது வருஷமாக எடை குறைத்ததில்லை, கலப்படம் செய்ததில்லை. எனக்கு ஏன் கூட்டம் குறைகிறது?" என்று நம்மில் பலர் வருத்தப்படுகிறோம். வருத்தம் நியாயமானதே. ஆனால் பஸ்ஸில் சேலம் போய்த் திரும்பியவர் வீட்டுக்கு வந்து, "டிரைவர் வண்டியை ரோட்டு மேலேயே ஓட்டினார்" என்று சொல்வதில்லை. அது அவர் எதிர்பார்த்ததுதான். தராசுக்கு முத்திரை போட்டிருப்பதும், பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்காமலிருப்பதும் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி நாம் செய்தே தீர வேண்டியவை. செய்தால் யாரும் பேசமாட்டார்கள். செய்யாவிட்டால் ஊரே பேசும். அதற்காக நேர்மையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நேர்மை நமது முதல். நாம் தேடும் பேச்சு அதற்கு மேல் வைக்கும் ஒரு சிறு பொருளிலிருந்து பிறக்கிறது.

பேச்சு எப்படி நடக்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல பாடசாலை இருக்கிறது. திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் மல்லசமுத்திரம் கிளையில் பருத்தி ஏலம் நடப்பது நாம் அறிந்ததே. பி.டி., சுரபி, கொட்டு என்று ரகம் பிரித்து மூட்டைகளை அடுக்கியிருப்பார்கள். எந்த ஏலக்கூடத்துக்குப் போய்வந்த விவசாயியிடமும் ஊரில் அடுத்த காட்டுக்காரர் கேட்பது மூன்று நான்கு கேள்விகள்தான். "குவிண்டால் என்ன விலைக்குப் போச்சுங்க? எடை எப்படிங்க? பணம் எப்ப கைக்கு வந்துச்சு?" இந்தக் கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் அடுத்த வாரம் இன்னொரு வண்டி மூட்டை அந்தக் கூடத்துக்கு வருவதும் வராததும். பதில்கள் எல்லாம் ஒரு வரிப் பதில்கள் என்பதைக் கவனியுங்கள். பத்து நிமிடம் விளக்கிச் சொல்ல வேண்டிய சிறப்பு எதுவும் திண்ணையைத் தாண்டாது.

கொசுறு கற்றுத்தரும் கணக்கு

நம் முன்னோர்கள் இதை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் கொசுறு. காய்கறிக் கூடையின் மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, பொரி அளந்த பிறகு இன்னொரு கைப்பிடி, பூவை முழம் போட்டபின் விரல்கடை அளவு சேர்த்து அறுப்பது. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரக் கடைக்காரர்களிடமும் இதே பழக்கம் உண்டு. அங்கே இதை 'லான்யாப்' என்பார்கள். எழுத்தாளர் மார்க் ட்வைன் 1883-இல் வெளிவந்த தமது மிசிசிப்பி ஆற்று நூலில் இதைப் பற்றி ரசித்து எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லின் வேர் தென் அமெரிக்கப் பழங்குடி மொழியான கெச்சுவாவில் இருக்கிறது. இங்கிலாந்திலோ ரொட்டிக்கடைக்காரர்கள் டஜனுக்குப் பதின்மூன்று ரொட்டி கொடுத்தார்கள். எடை குறைந்தால் கடும் தண்டனை என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் வந்துவிட்டதால், பயந்துபோய் ஒன்று சேர்த்துக் கொடுத்தார்கள் என்று காரணம் சொல்வார்கள். பயத்தில் கொடுத்தாலும் கொசுறு கொசுறுதானே!

ஆனால் கொசுறுக்கு ஒரு குணம் உண்டு. முதலில் கொடுத்தவருக்குப் பெயர் வரும். எல்லோரும் கொடுக்கத் தொடங்கிய பிறகு யாருக்கும் பெயர் வராது. இன்று எந்தப் பெண்மணியாவது வீட்டுக்குப் போய், "அந்தக் கடையில் கறிவேப்பிலை சும்மா கொடுத்தார்" என்று சொல்கிறாரா? மாறாக, விலை ஏறிய நாளில் கொத்தமல்லி தரவில்லை என்றால், "ஒரு கொத்து மல்லித்தழைக்குக் கணக்குப் பார்க்கறானுங்க" என்ற பேச்சு மட்டும் தெரு முழுவதும் போகிறது. நேற்றைய அன்பளிப்பு இன்றைய கடமையாகிவிட்டது. ஆகவே பக்கத்துக் கடையில் செய்வதையே நாமும் செய்தால் செலவுதான் ஆகும், பேச்சு வராது. தீபாவளிக்குத் தட்டும் டம்ளரும் கொடுக்கும் வழக்கமும் பெரும்பாலும் இந்த நிலைக்கு வந்துவிட்டது. எந்தக் கடை தட்டு எது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

பேசப்படும் கொசுறு எப்படி இருக்கும்? அமெரிக்காவின் டபுள்ட்ரீ ஓட்டல்களில் 1986 முதல், அறைச்சாவி வாங்கும் விருந்தாளிக்கு அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு பெரிய பிஸ்கட் கொடுத்து வருகிறார்கள். அவ்வளவுதான். அறைக்கு ஆகும் செலவில் இது எந்த மூலைக்கு? ஆனால் ஓட்டல் கட்டிலைப் பற்றி யாரும் ஊருக்குப் போய்ப் பேசுவதில்லை, சூடான பிஸ்கட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். இதில் நமக்கான நுணுக்கங்கள் இருக்கின்றன. பயணக் களைப்போடு வருகிறவருக்கு வந்தவுடன் கிடைக்கிறது. பணக்காரர், சாதாரணர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஒரு நாள் கொடுத்து மறுநாள் நிறுத்துவதில்லை. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடவும் முடிகிறது. குலுக்கல் பரிசுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். குலுக்கலில் ஒருவர் ஸ்கூட்டர் வாங்கிப் போவார், ஆயிரம் பேர் ஏமாந்து போவார்கள். ஏமாந்தவரும் பேசுவார் என்பதை மறக்கக்கூடாது.

ஆட்டையாம்பட்டி முறுக்கு

கடல் கடந்து போவானேன்? நமக்குப் பக்கத்தில் ஆட்டையாம்பட்டி இருக்கிறது. அங்கே சுற்றும் கை முறுக்குக்கு எந்தச் சினிமா நடிகரும் விளம்பரம் செய்ததாக நாம் பார்த்ததில்லை. ஆயினும் அந்த வழியாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வாங்குகிறார்கள். காரணம், முறுக்கு ருசியாக இருக்கிறது என்பது மட்டுமல்ல. ருசியான முறுக்கு பல ஊர்களில் கிடைக்கும். வாங்குகிறவர் அதைத் தான் மட்டும் தின்பதற்காக வாங்குவதில்லை, மகள் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் கொண்டுபோகிறார். அங்கே பொட்டலத்தைப் பிரிக்கும்போது, "ஆட்டையாம்பட்டி முறுக்குங்க" என்று ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் நீட்டுகிறார். கொடுக்கிறவருக்கும் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. சேலம் தட்டுவடை செட்டும் சேலத்து மாம்பழமும் இப்படிப் பரவியவைதாம்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, அடுத்தவர் கைக்குப் போகும் சரக்கில் தனிக் கவனம் வேண்டும் என்பது. நம் கடையிலிருந்து தினமும் எத்தனையோ பொருள்கள் போகின்றன. வீட்டுச் சமையலுக்குப் போகும் துவரம்பருப்பு யார் கடைப் பருப்பு என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. சீர்த்தட்டில் வைக்கும் கற்கண்டும், ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு வாங்கிப்போகும் பழமும், வீடு குடிபுகும் விழாவுக்குக் கொடுக்கும் பாத்திரமும் அப்படியல்ல. வாங்க வருகிறவரிடம், "வீட்டுக்குங்களா, விசேஷத்துக்குக் கொண்டு போறதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, விசேஷத்துக்கு என்றால் அடிபடாத பழமாகப் பொறுக்கி, விலைச்சீட்டைக் கிழித்து, நல்ல பையில் போட்டுக் கொடுத்தால் ஐந்து ரூபாய்கூடச் செலவில்லை. கொடுக்கிற இடத்தில் அவர் மானத்தைக் காப்பாற்றியவர்கள் ஆகிறோம். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது நாம் எல்லோரும் நொந்துகொண்டோம். ஆனால் நம் கடைப்பெயர் அச்சிட்ட துணிப்பை பல மாதங்கள் ஊர் ஊராகச் சுற்றுகிறது. பிளாஸ்டிக் பை அடுத்த குப்பைமேடு வரைதான் போனது.

பேச்சுக்கு ஆயுள் எவ்வளவு என்று யாராவது கேட்டால் டி.வி.எஸ். பஸ்களைச் சொல்லலாம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1955-இல் மறைந்தார். அவரது நிறுவனத்தின் பஸ்கள் 1970-களின் தொடக்கத்தில் அரசுடைமையாகிவிட்டன. ஆனாலும் மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள், "டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைப்போம்" என்று சொல்லிவந்ததை நாம் கேட்டிருக்கிறோம். நேரத்துக்கு வருவது பஸ்ஸின் கடமை. எல்லோரும் தவறவிட்ட கடமையை ஒருவர் தவறாமல் செய்தால், அதுவே கதையாகிவிடுகிறது. நம் தொழிலில் எல்லோரும் வழக்கமாகத் தவறவிடுவது எது என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கலாம். "நாளைக்கு வந்துடுங்க, தைச்சு வெச்சிடறேன்" என்று சொன்ன நாளில் துணி கொடுக்கும் தையற்கடை ஒன்று எந்த ஊரில் இருந்தாலும் அதற்குக் கூட்டம் குறையாது.

கல்லாவில் முடியும் வியாபாரம்

2002-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞர், மனிதர்கள் நடந்த ஒன்றை நினைவுகூரும்போது முழு நேரத்தையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை என்று ஆராய்ந்து சொன்னார். மிகவும் உறைத்த ஒரு கணமும், முடிவில் நடந்ததுமே பெரும்பாலும் மனத்தில் நிற்கின்றனவாம். இதைக் கடைக்குப் பொருத்திப் பார்ப்போம். அரை மணி நேரம் அன்பாகப் பேசி, பொறுமையாக எடை போட்டு, கடைசியில் கல்லாவில் என்ன செய்கிறோம்? "சில்லரை இல்லைங்க, ரெண்டு சாக்லெட் எடுத்துக்கோங்க" என்கிறோம். அதுவும் முகத்தைப் பார்க்காமல், அடுத்தவரின் சீட்டைக் கூட்டிக்கொண்டே. வாடிக்கையாளர் படியிறங்கும்போது கையில் இருப்பது அவர் கேட்காத சாக்லெட். கைபேசிப் பணப்பரிமாற்றம் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது என்றாலும், ரொக்கமாகக் கொடுக்கும் வயதானவர்கள்தான் இன்னும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். வங்கியில் சில்லரை வாங்கி வைப்பது அரை நாள் வேலைதான்.

குறையோடு வருகிறவர் விஷயமும் இப்படித்தான். அமெரிக்காவில் 1970-களின் இறுதியில் டார்ப் என்ற ஆய்வு நிறுவனம் அரசுக்காக நடத்திய ஆய்வுகளில், மனக்குறை உள்ள வாடிக்கையாளரில் பெரும்பாலோர் கடைக்காரரிடம் அதைச் சொல்வதே இல்லை என்பது தெரியவந்தது. வெளியே சொல்வார்கள், அல்லது பேசாமல் கடையை மாற்றிவிடுவார்கள். குறையைச் சொல்லி, அது உடனே தீர்க்கப்பட்டவர்களோ பெரும்பாலும் திரும்ப வந்தார்கள். அப்படியானால், புழு விழுந்த ரவையைத் தூக்கிக்கொண்டு நம் கடைக்கு வரும் அம்மா, வீட்டிலிருந்தே திட்டிவிட்டுப் போகாமல் நமக்கு ஒரு வாய்ப்பைக் கொண்டுவருகிறார். "எங்க கடையில வாங்கினதுங்களா? சீட்டு இருக்குங்களா?" என்று ஆரம்பித்தால் அந்த வாய்ப்பு போயிற்று. "அடடா, கொடுங்கம்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டு வேறு பாக்கெட் கொடுத்து, மறுநாள் வழியில் பார்க்கும்போது, "அந்த ரவை நல்லா இருந்துதுங்களா?" என்று கேட்டால், நாற்பது ரூபாய்ச் சரக்குக்கு நாலு வீட்டில் நம் பெயர் நல்லபடியாக விழும். கம்பெனிச் சரக்காக இருந்தால் பெரும்பாலும் விற்பனைப் பிரதிநிதியிடம் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

கடனுக்குக் கொடுக்கும் கடைகள் இன்னொன்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நம் பகுதியில் ரிக் வண்டிக்குப் போனவர் வடநாட்டிலிருந்து மாதக்கணக்கில் திரும்பமாட்டார். அவர் பணம் அனுப்பும் வரை வீட்டுக்குப் பாக்கியில்தான் மளிகை போகும். அந்த அம்மணி கடைக்கு வரும்போது நாலு பேர் முன்னிலையில், "போன மாசப் பாக்கியே நிக்குதே" என்று சொன்னால், அதைப் போல் மறக்க முடியாத வார்த்தை வேறில்லை. பாக்கி வசூலாகும், அதோடு கணக்கும் முடிந்துவிடும். தனியாக நிறுத்தி, நோட்டைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொல்பவரும் அதே பாக்கியைத்தான் வசூலிக்கிறார்.

தொழிலுக்குத் தொழில்

எந்தக் கடையில் எதைச் செய்யலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சில கடைகளில் ஏற்கெனவே நடப்பவற்றைக் குறிப்பிடுகிறோம். மருந்துக்கடையில் உறையின் மேல் "காலை, சாப்பிட்ட பிறகு" என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தால், பேரன் வரும்வரை காத்திருக்க வேண்டாத பாட்டி நாலு பேரிடம் சொல்லுவார். ஹார்டுவேர் கடையில், வேலை முடிந்து மிஞ்சிய எல்போவையும் டீயையும் பிரிக்காத பெயின்ட் டப்பாவையும் முகம் கோணாமல் திருப்பி எடுத்துக்கொள்வது கட்டடம் கட்டுகிறவர்களிடையே வேகமாகப் பரவும் செய்தி. கல்யாண மளிகையிலும் இதேதான். சமையல்காரர் பட்டியல் எப்போதும் தாராளமாகத்தான் இருக்கும். மிஞ்சிய மூட்டையைத் திரும்ப எடுப்போம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெண் வீட்டாருக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

உர, பூச்சிமருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். பருத்தியில் அசுவினியோ தத்துப்பூச்சியோ நாலு இலையில் கண்டவுடன் பதறி ஓடிவரும் விவசாயியிடம், "இதுக்கு இப்ப மருந்து வேண்டாமுங்க, நாலு நாள் பார்த்துட்டு இலையைப் பறிச்சுக்கிட்டு வாங்க" என்று சொல்லத் துணிகிறவர் அன்றைக்கு ஒரு டப்பா விற்பனையை இழக்கிறார். ஆனால், "விக்கிறவரே வேண்டாமுன்னு சொன்னாருப்பா" என்பதைவிடப் பெரிய விளம்பர வாசகத்தை எந்த ஏஜென்ஸியும் எழுதித் தராது. பயிர் விஷயம் தெரிந்து சொல்ல வேண்டும் என்பது இதில் அடங்கிய நிபந்தனை.

இதையெல்லாம் செய்யப்போவது பெரும்பாலும் நாமல்ல, நம் கடைப் பையன்களும் பெண்களும்தான். காலையிலிருந்து இரவு வரை நின்று கால் வீங்கியவரிடம் சிரித்த முகத்தை எதிர்பார்ப்பது வீண். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் நமது சட்டமன்றம் சட்டத்திருத்தமே செய்திருக்கிறது. இருக்கையோடு கொஞ்சம் அதிகாரமும் தர வேண்டும். நூறு ரூபாய்க்குள் இருக்கும் குறையை, "முதலாளி வரட்டுங்க" என்று சொல்லாமல் அவரே மாற்றிக் கொடுக்கட்டும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பயந்த அளவு போயிருக்காது.

கைபேசியில் கடைக்கு நட்சத்திரம் போடும் வழக்கமும் இப்போது வந்துவிட்டது. அதுவும் வாய்மொழிதான், எழுத்தில் வருகிறது. காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்கித் தருகிறோம் என்று அழைப்பவர்களை நம்ப வேண்டாம். இணையத்தில் வரும் போலி விமர்சனங்களைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் தனித் தரமே வகுத்திருக்கிறது. தவிர, நம் ஊர்க்காரருக்கு நம் கடை தெரியும்.

மொத்த வியாபாரிகளுக்குச் சில்லரைக் கடைக்காரரே வாடிக்கையாளர். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரிலிருந்து சரக்கு ஏற்றி வருகிறவர்கள் பஸ்ஸிலும் லாரி ஷெட்டிலும் பேசிக்கொள்வது விலையை மட்டுமல்ல. "நாளைக்கு மிளகாய் இறங்கும்போல இருக்குங்க, இன்னைக்கு அரை மூட்டை போதும்" என்று போனில் சொன்ன மண்டிக்காரரைப் பற்றியும் பேசுகிறார்கள். வேனில் ஏற்றி அனுப்பிய சரக்கில் மூட்டை கிழிந்திருந்தால், கடைக்காரர் சொல்லும் முன்பே கழித்து எழுதிய பில்லும் அப்படித்தான்.

கடைசியாக நாட்காட்டி. எப்படியும் வருடா வருடம் அடிக்கிறோம். கடைப்பெயரையும் சாமி படத்தையும் மட்டும் போடாமல், அடியில் நம் ஊருக்கென்று உபயோகமான நாலு வரி சேர்க்கலாம்: பருத்தி ஏல நாள், சந்தை நாள், காளிப்பட்டி தைப்பூசத் தேர்த் தேதி, சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் முதல் பஸ், கடைசிப் பஸ் நேரம், மின்வாரிய அலுவலகத் தொலைபேசி எண். வீட்டில் யாராவது தினமும் அதைத் தேடி வந்து பார்ப்பார்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி சிவகாசியில் புதிய ஆண்டின் மாதிரி ஆல்பங்கள் வெளிவந்துவிடும். அதற்குள் பஸ் நேரங்களைச் சரிபார்த்துப் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டால் அச்சுக்குக் கொடுக்க வசதியாக இருக்கும்.